வைஃபை கார்டு போய்விட்டதா?

கேள்வி: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபையே காட்டவில்லை. கார்டு பழுதா? வைஃபை பாதுகாப்புக்கு என்ன செய்வது?

பதில்: கார்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், டிரைவர்தான் இல்லை. டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்தால் கார்டின் பெயர் தெரியும். இன்டெல், ஏத்திராஸ் என்றால் தொல்லை குறைவு. பிராட்காம் என்றால், அதுதான் வழக்கமான தலைவலி! செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங் வழியே நெட் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். உரிய டிரைவர் வந்தால் நிறுவுங்கள்.

லேப்டாப்பில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கினால், டிரைவரை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது வரும் நீலத்திரையில் 'என்ரோல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் இந்தத் திரையைத் தாண்டிவிட்டு, டிரைவர் இருந்தும் வேலை செய்யவில்லை என்று லினக்ஸைத் திட்டுபவர்கள் உண்டு.

வைஃபை பாதுகாப்பு முறையை முடிவு செய்வது ரவுட்டர். 'டபிள்யூஇபி' என்ற பழைய முறை வேண்டவே வேண்டாம். அதன் ஓட்டைகள் 2001-லேயே அம்பலமாகிவிட்டன. 'டபிள்யூபிஏ3' 2018-இல் வந்தது. பழைய கார்டுகள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. அப்படியானால் 'டபிள்யூபிஏ2', அதிலும் 'ஏஇஎஸ்' குறியாக்கம் போதும். பாஸ்வேர்டு மட்டும் நீளமாக இருக்கட்டும். செல்போன் எண்ணை வைக்காதீர்கள்.