வாடகைக்கு முன் கேட்க வேண்டியது

நியூரம்பர்க்,
ஜூன் மாதம்

அன்புள்ள கயல் கண்ணுவுக்கு,

அத்தை எழுதுவது. மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில் உள்ள ஆய்வுக்கூடத்திலிருந்து உனக்கு வந்த அழைப்புக் கடிதத்தை அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதம், அதுவும் நீ கேட்ட அதே துறையில். நன்றாக வருவாய்.

அன்று ராத்திரியே இன்னொரு செய்தியும் அனுப்பினார். மியூனிக்கின் ஷ்வாபிங் பகுதியில் தனி வீடு, மாதம் 450 யூரோ, பளிச்சென்று ஆறு படங்கள். வீட்டுக்காரர் வேலையாக லண்டனில் இருக்கிறாராம். மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவி கூரியரில் வந்துவிடுமாம். நல்ல இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அண்ணன் தவிக்கிறார். அந்தப் பணத்தை அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். காரணம் உனக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் இதே செய்தி வேறு வேறு பெயர்களில் உனக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான பெரிய நகரம் மியூனிக். நாலைந்து பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒரே ஒரு அறைக்கே 700, 800 யூரோ கேட்கிறார்கள். விசாவுக்காக வங்கியில் மாதத்துக்கு 992 யூரோ கணக்கில் காட்டச் சொல்கிறார்களே, அதில் பெரும்பகுதியை அறை ஒன்றே விழுங்கிவிடும். அப்படியிருக்க, ஷ்வாபிங்கில் 450 யூரோவுக்குத் தனி வீடு யாரும் தர மாட்டார்கள். வீட்டுக்காரர் எப்போதும் வெளிநாட்டில் இருப்பார், சாவி எப்போதும் கூரியரில் வரும், பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லும் இணையப் பக்கம் பெரிய கம்பெனியின் பக்கத்தைப் போலவே இருக்கும். பாஸ்போர்ட் நகலும் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் உன் பெயரை வைத்தே அடுத்த பிள்ளையை ஏமாற்றுவார்கள்.

ஆகையால் நேரில் பார்க்காத அறைக்கு ஒரு யூரோகூட அனுப்பாதே. நீ இங்கே வரும் முன்பே பேச வேண்டி வந்தால் வீடியோவில் பேசு. அறையை மட்டும் காட்டினால் போதாது. சமையலறை, குளியலறை, மாடிப்படி, தெருவாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்ப்பலகை வரை நடந்து காட்டச் சொல். அந்தப் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார். உண்மையானவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தேவைப்பட்டால் நானே போய்ப் பார்த்து வருகிறேன். இங்கிருந்து மியூனிக் சாதாரண ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான், என்னிடம் மாதச் சீட்டு இருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்த அறையைப் பற்றிப் பேசினாலும் வாடகை எவ்வளவு என்பதை இரண்டாவதாகக் கேள். முதலில் கேட்க வேண்டியது: ‘இந்த முகவரியில் என் பெயரைப் பதிவு செய்ய முடியுமா?’ இதை இங்கே அன்மெல்டுங் என்கிறார்கள். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து மூன்று மாதத்துக்குள் வந்து திரும்புகிறவர்களுக்கு விலக்கு உண்டு. உனக்கு ஆறு மாதம், ஆகவே கட்டாயம். பதிவதற்கு வீட்டைத் தருகிறவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து அந்தத் தாள் இல்லாமல் பதிய மாட்டார்கள். பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாவிட்டால் உனக்குக் கிடைக்கும் ஊதியத்தில் மிக அதிக விகிதத்தில் வரி பிடித்துவிடுவார்கள். விசாவை நீட்டிக்கவும், பெரும்பாலான வங்கிகளில் கணக்குத் திறக்கவும் அந்தப் பதிவுதான் வேண்டும்.

நம் ஆட்களின் குழுக்களிலும் அறை கிடைக்கும். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், தலைக்கு 300 யூரோ, சாப்பாடும் நம் சாப்பாடு. ஆனால் பதிவு கிடையாது என்பார்கள். வந்த முதல் வாரம் அங்கே தங்குவதில் தவறில்லை, அந்த அன்புக்கு நன்றியோடு இரு. ஆறு மாதத்துக்கு அதை ஒப்புக்கொள்ளாதே. மாதம் நானூறு மிச்சம் என்று தோன்றும், ஆனால் கையில் ஒரு காகிதமும் இருக்காது. வீட்டுக்காரருக்குத் தெரிந்த அன்று எல்லோரும் வெளியே நிற்க வேண்டும், அதுவும் ஜனவரிக் குளிரில்.

அப்படியானால் எங்கே தேடுவது? கண்ணு, நீ வரும் ஆறு மாதம்தான் இங்குள்ள மாணவர்கள் பலர் வெளிநாடு போகும் ஆறு மாதம். குளிர்காலப் பருவத்துக்கு ஸ்பெயினுக்கும் ஸ்வீடனுக்கும் படிக்கப் போகிறார்கள். திரும்பி வரும்போது தங்கள் அறை தங்களுக்கு வேண்டும், அதுவரை வாடகையும் வீணாகக் கூடாது. ஆகவே சாமான்களோடு அறையைத் தற்காலிகமாக விட்டுப் போகிறார்கள். இதை ஸ்விஷன்மீட்டே என்பார்கள். கட்டில், மேஜை, சட்டி பானை எல்லாம் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் தாங்கள் கொடுக்கும் வாடகையைத்தான் கேட்பார்கள், லாபம் வைக்க மாட்டார்கள். ‘மாணவர்களுக்கான தற்காலிகத் தங்குமிடம்’ என்று பளபளப்பாக விளம்பரம் செய்யும் கம்பெனிகளைவிட இது எவ்வளவோ மலிவு. ஜூலை நடுவிலிருந்து இந்த விளம்பரங்கள் வரத் தொடங்கும். வே-கே கெசுக்ட் என்ற தளத்தில் தேதியைக் குறிப்பிட்டுத் தேடு. விடுகிறவரிடம் வீட்டு உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று கேள். அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் பாதியில் பிரச்சினை வரும்.

மாணவர் விடுதிகளிலும் இப்படி அறைகள் வரும். ஒலிம்பியாடோர்ஃப் என்று ஒரு பகுதி இருக்கிறது, 1972 ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் தங்கிய இடம். இப்போது அங்கே மாணவர்களுக்கான சின்னச் சின்ன வீடுகள். ஷ்டூடன்டன்ஷ்டாட் என்ற இன்னொரு மாணவர் குடியிருப்பு, கார்ஹிங் போகும் யு-6 மெட்ரோ பாதையிலேயே இருக்கிறது, ஆனால் 2021-ல் நடந்த தீ விபத்துக்குப் பின் பல கட்டடங்களைக் காலி செய்துவிட்டதால் இடம் குறைந்துபோனது. நேராக விண்ணப்பித்தால் பல பருவங்கள் காத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு வருகிறவளுக்கு அது பயன்படாது. உள்வாடகையாகக் கிடைத்தால் விடாதே. உன் கல்லூரியின் மாணவர் சான்றிதழை ஆங்கிலத்தில் வாங்கி வை, கேட்பார்கள்.

நகரத்தின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 63 யூரோ, அதில் நாடு முழுக்க உள்ளூர் ரயிலும் மெட்ரோவும் பஸ்ஸும் அடக்கம். தூரத்தில் இருந்தால் நேரம்தான் போகும், கூடுதல் பணம் போகாது. ஃப்ரைசிங், டாகாவ், எர்டிங் என்று எஸ்-பான் ரயில் போகும் ஊர்களையும் பார். அந்தச் சீட்டு சந்தா முறை. வேண்டாமென்றால் முந்தைய மாதம் பத்தாம் தேதிக்குள் நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தனியாக இருக்கும் வயதானவர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை மாணவருக்குத் தருவார்கள். வாடகைக்குப் பதில் கடைக்குப் போவது, தோட்ட வேலை, கூட உட்கார்ந்து பேசுவது போன்ற உதவி. ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. 15 சதுர மீட்டர் அறைக்கு மாதம் 15 மணி நேரம். தண்ணீர், மின்சாரம், ஹீட்டர் செலவு மட்டும் தனி. நோயாளியைப் பராமரிக்கும் வேலை இதில் சேராது, அப்படி யாராவது கேட்டால் மறுத்துவிடு. ஆறு மாதத்துக்கு எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள், ஆனாலும் கேட்டுப் பார். உன் ஜெர்மன் அங்கே வளர்வதுபோல எந்த வகுப்பிலும் வளராது.

அறைக்கு எழுதும் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வேலைக்கு மனு போடுவதைப் போல மதிப்பெண், பரிசு என்று பட்டியல் போட்டு, ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புகிறார்கள். ஒருவரும் பதில் எழுதுவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உன் மதிப்பெண் எதற்கு? நீ எத்தனை மணிக்குத் தூங்குவாய், என்ன சமைப்பாய், சமைத்த பிறகு அடுப்பைத் துடைப்பாயா என்பதுதான் தெரிய வேண்டும். விளம்பரத்தைக் கடைசி வரி வரை படி. படித்தவர்களை அடையாளம் காண, ‘உனக்குப் பிடித்த காயின் பெயரோடு கடிதத்தைத் தொடங்கு’ என்பது போல நடுவில் ஒரு வரி ஒளிந்திருக்கும். தாளிப்பு, மிளகாய் நெடி பற்றி நீயாகவே முதலில் சொல்லிவிடு. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பேன், உங்களுக்கும் தோசை சுட்டுத் தருவேன் என்று எழுது. கடிதம் ஜெர்மனில் இருக்கட்டும், பிழை இருந்தாலும் பரவாயில்லை.

அறை அமைந்த பிறகு இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார். விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று போட்டிருந்தால் அது வெறும் அறைக்கு, ஹீட்டரும் தண்ணீரும் சேர்ந்தது வார்ம்மீட்டே. பேச்சு எப்போதும் இரண்டாவதைப் பற்றி இருக்க வேண்டும். மின்சாரமும் இணையமும் அதில் சேருமா என்றும் கேள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வரும், அதைக் கூட இருப்பவர்களோடு பங்கிட்டுக்கொள்ளலாம். நம்மூர் அட்வான்ஸ் போன்றது இங்கே கௌட்சியோன். அது மூன்று மாத கால்ட்மீட்டேயைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையில் கட்ட உனக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ரொக்கமாகக் கொடுக்காதே, வங்கி வழியாக அனுப்பு.

சாவி வாங்கும் அன்று அறையில் இருக்கும் கறை, கீறல், உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் படம் பிடித்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எத்தனை சாவி என்பதையும் எழுது. ஒரு சாவி தொலைந்தால் சில கட்டடங்களில் எல்லாப் பூட்டையும் மாற்றுவார்கள், செலவு உன் தலையில் விழும். குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்தியே வைத்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கும் கௌட்சியோனில் பிடிப்பார்கள். தினமும் காலையிலும் மாலையிலும் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடு. அன்றே தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டிவிடு. பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போட மாட்டார், வரி எண் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா நடக்கும். அந்த இரண்டு வாரமும் ஹாஸ்டல் கட்டிலுக்குக்கூடப் பல மடங்கு விலை சொல்வார்கள். ஆகவே விமானம் ஏறுமுன் அறை அமையாவிட்டால் நேராக எங்கள் வீட்டுக்கு வா. இங்கிருந்து ஆறு மாதம் தினமும் போய்வருவது உன்னால் முடியாது, படிப்பு கெட்டுவிடும். ஆனால் திருவிழா முடியும்வரை இங்கிருந்தபடி அறை பார்க்கப் போகலாம். மாமா உனக்காக மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறார்.

உன் அறிமுகக் கடிதத்தை ஜூலை முதல் வாரத்துக்குள் எழுதி எனக்கு அனுப்பு. திருத்தித் தருகிறேன். அண்ணி கொடுத்துவிடும் பருப்புப் பொடியை மட்டும் மறக்காதே.

அன்புடன்,
உன் அத்தை