கோட்டைக் காவலும் குடல் புற்றுநோயும்



சிங்கவரத்துக்காரர்களுக்குச் செஞ்சிக் கோட்டையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மலைகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை அது. முகலாயப் படை 1690-ல் அதை முற்றுகையிட்டது. பிடிப்பதற்கு 1698 ஆயிற்று. மதில் மட்டுமா காத்தது? மதில்மேல் இரவும் பகலும் கண்விழித்த காவலாளும் சேர்ந்துதான் காத்தான்.

உங்கள் வயிற்றுக்குள்ளும் இப்படி ஒரு மதில் உண்டு, காவலும் உண்டு. அந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது, எப்போது தவறிப் போகிறது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடலுக்குள் காவலர் யார்?

பெருங்குடல் சுமார் 5 அடி நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரின் மேற்பரப்பு ஒரே ஓர் அடுக்கு அணுக்களால் ஆனது. சில நாட்களுக்கு ஒருமுறை பழைய அணுக்கள் உதிர்ந்து புதியவை வரும். சுவருக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கான கிருமிகள். இந்தப் பக்கம் நமது வெள்ளணுக்கள்.

இவற்றில் சில வகை, பிறக்கும்போதே நம்மோடு வரும் காவல். தடுப்பூசி போட்டு இவற்றுக்குப் பழக்கித்தர வேண்டாம். 1882-ல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இத்தாலியில் மெசினா என்ற ஊரில், நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. இந்த ஆராய்ச்சிக்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் காலில் முள் தைத்தால் சீழ் கட்டுகிறதே, அதுவும் இந்த அணுக்களின் வேலைதான்.

குடலில் முக்கியமாக மூன்று வகைக் காவலரைச் சொல்லலாம்.

1. முதலில் ஓடிவரும் அணுக்கள். காயம் பட்டதும் கூட்டமாக வந்து சேரும்.
2. விழுங்கும் அணுக்கள். கிருமியையும் செத்த அணுக்களையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யும்.
3. கொல்லி அணுக்கள். நம் உடம்பின் பெரும்பாலான அணுக்களில் ஓர் அடையாளம் உண்டு. அது இல்லாமல் கெட்டுப்போன அணுவைக் கண்டால் அழித்துவிடும்.

வேலியே பயிரை மேய்ந்தால்?

குடல் சுவரில் சில சமயம் ஓர் அணு கெட்டுப்போய், தன் போக்கில் பெருகத் தொடங்கும். பலவற்றைக் காவலர்கள் அப்போதே அழித்துவிடுகிறார்கள். தப்பித்தது ஒரு சிறு சதை மொட்டாக வளரும். எல்லா மொட்டும் புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுவதற்கும் பெரும்பாலும் 10 ஆண்டு போல ஆகும்.

புற்றுநோய் செய்கிற தந்திரத்தைக் கவனியுங்கள். அது ஆறாத புண்ணைப் போல நடிக்கிறது. விழுங்கும் அணுக்கள் ஏமாந்துபோய், புண்ணை ஆற்றுகிற நினைப்பில் அதற்குப் புது இரத்தக்குழாய் வளர்க்க உதவுகின்றன. சண்டைக்கு வருகிற மற்ற அணுக்களையும் அடக்கிவைக்கின்றன. காவலாளே பகைவனுக்குக் கஞ்சி ஊற்றுகிற கதைதான்!

குடலில் புண்ணும் அழற்சியும் பல வருடம் நீடித்தாலும் ஆபத்து கூடுகிறது. ஓயாமல் சண்டை நடக்கிற இடத்தில் சுவரும் சேதப்படும் அல்லவா?

"அப்படீன்னா எதிர்ப்புச் சக்திக்கு லேகியம் சாப்பிட்டா போதுமே" என்று சிலர் சொல்வார்கள். போதாது. ஏமாந்து நிற்கிற காவலுக்குச் சோறு போட்டு என்ன பயன்? மொட்டை எடுப்பதும், நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதும்தான் வழி.

வெட்கம் வேண்டாம்

நம் வீடுகளில் நடப்பது என்ன? "ஏங்க, வேட்டியில இரத்தக்கறை இருக்குதே?" என்று மனைவி கேட்டால், "மூலச்சூடுதான், மோர் குடிச்சா சரியாயிடும்" என்பார் கணவர். மனைவிக்கு வந்தாலோ யாரிடமும் சொல்லவே மாட்டார். மூலம், பௌத்திரம் என்று பலகை மாட்டிய இடத்தில் மருந்து வாங்கியே மாதங்கள் ஓடிவிடும். மூலமாகவும் இருக்கலாம். ஆனால் அதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்:

• மலத்தில் இரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம்.
• மூன்று வாரத்துக்கு மேல் மலச்சிக்கலோ பேதியோ, அல்லது இரண்டும் மாறி மாறியோ.
• போய்வந்த பிறகும் மீதி இருப்பது போன்ற உணர்வு.
• காரணமில்லாமல் உடம்பு இளைத்தல்.
• ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரத்தசோகை.

வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிசோதனை உண்டு. குடலுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஆகவே நீங்களாகத்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செஞ்சி அரசு மருத்துவமனையிலோ சொல்லுங்கள். டாக்டர் கைவிரலால் பரிசோதிப்பார். மலத்தையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுவார். தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். அங்கே குழாய்க் கருவியை விட்டுக் குடலுக்குள் பார்ப்பார்கள். மொட்டு இருந்தால் பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல் அந்தக் கருவியாலேயே எடுத்துவிடலாம். நோய் குடல் சுவரைத் தாண்டுமுன் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 10 பேருக்குச் சுமார் 9 பேர் 5 ஆண்டைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் 40 வயதில் டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு இள வயதிலேயே வந்திருந்தால், அந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பே சொல்லுங்கள்.

காவலுக்குத் துணை செய்வது எப்படி?

கம்பு, கேழ்வரகு, கீரை, பயறு, காய்கறி இவற்றில் நார்ச்சத்து உண்டு. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அதைத் தின்று ஒருவகை அமிலத்தைத் தருகின்றன. அது குடல் சுவருக்கு உணவு. காவல் அணுக்களை வீணாகக் கொதிக்கவிடாமல் அமைதிப்படுத்தவும் செய்யும். பீடி, சிகரெட், சாராயம் மூன்றும் சுவரைக் கெடுப்பவை. உடம்பு பருக்காமல் உழைப்பதும் நடப்பதும் நல்லது.

கணவன் மனைவிக்குள் பணக்கஷ்டத்தைப் பேசுகிறோம், பிள்ளைகள் படிப்பைப் பேசுகிறோம். மலத்தில் இரத்தம் வந்தால் அதையும் பேசுங்கள். ஒருவர் மறைத்தால் மற்றவர் கேளுங்கள். கேட்டதோடு விடாமல் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே இருக்கும் காவல் ஏமாந்தாலும், வெளியே இருக்கும் காவல் நீங்கள்தான்.