கூரையின் ஆயுள் ஓரத்தில்

அன்புள்ள தங்கைக்கு,

பேருந்து நிலைய நடைமேடைகளுக்குக் கூரை போடும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது. பாலிகார்பனேட் ஷீட் என்று முடிவும் செய்துவிட்டாய். நல்ல பொருள்தான். ஆனால் "நீடித்து உழைக்கும்" என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடாதே. ஓரத்திலும் ஸ்க்ரூ துளையிலும் இணைப்பிலும் நாம் செய்யும் வேலைதான் அதன் ஆயுளைக் கூட்டும், குறைக்கும்.

பொருளில் குறையில்லை. 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டறிந்தது. அதே தடிமனுள்ள கண்ணாடியில் பாதி எடைகூட வராது. கல் பட்டாலும் சில்லுசில்லாகச் சிதறாது. கூட்டம் நிற்கும் இடத்தில் அது பெரிய நிம்மதி.

ஆனால் சூட்டில் நன்றாக நீளும். ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்கு ஏறக்குறைய 0.065 மி.மீ. ஆறு மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறினால் 15 மி.மீ.க்கு மேல் வளரும். இரும்பு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளும். ஸ்க்ரூவின் அளவுக்கே துளை போட்டு இறுக்கினால், போக இடமில்லாமல் ஷீட் புடைக்கும். துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். ஆகவே துளையின் விட்டம், வாஷரின் அகலம், ஓரத்தில் விடும் இடைவெளி மூன்றையும் மில்லிமீட்டரில் வரைபடத்தில் எழுது. "போதிய இடைவெளி விடவும்" என்று மட்டும் எழுதினால், மழை ஒழுகுமே என்று அஞ்சும் ஃபிட்டர் நெருக்கித்தான் பொருத்துவார். அது அவர் தவறில்லை.

பிவிசி வாஷர் வேண்டாம். அதை இளக்கச் சேர்க்கும் ரசாயனம் கசிந்து ஷீட்டில் விரிசல் உண்டாக்கும். ஈபிடிஎம் ரப்பர் கேள். பல ஷீட்டுகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்; எந்தப் பக்கம் என்று மேலொட்டிய ஃபிலிமில் அச்சிட்டிருப்பார்கள். புரட்டிப் போட்டால் சீக்கிரமே மஞ்சளித்து நொய்ந்துவிடும். உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட் என்றால், அந்த அறைகள் சரிவின் போக்கிலேயே ஓடட்டும். மேல் முனையை அலுமினியம் டேப்பால் மூடு. கீழ் முனைக்கு, ஈரம் வெளியேற வழிவிட்டுத் தூசியைத் தடுக்கும் டேப் வேண்டும். இதைச் செய்யாத கூரைகளுக்குள்தான் பச்சைப் பாசி படர்கிறது.

காற்றை மறந்துவிடாதே. காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகத்தைக் கொடுக்கிறது. பக்கச்சுவர் இல்லாத நடைமேடைக் கூரையைக் காற்று அடியிலிருந்தும் தூக்கும். ஷீட்டின் தடிமனையும் அதைத் தாங்கும் பர்லின் சட்டங்களின் இடைவெளியையும் அந்தத் தூக்குவிசையிலிருந்து கணக்கிடு.

பளிங்குபோன்ற ஷீட் அழகுதான். ஆனால் சித்திரை வெயிலை அப்படியே பயணியின் தலையில் இறக்கும். ஆகவே கூரை முழுவதையும் பாலிகார்பனேட்டால் மூடாதே; ஒளிபுகாத உலோக ஷீட்டைப் பெரும்பகுதிக்குப் போட்டு, வெளிச்சத்துக்கு மட்டும் பால்நிறப் பாலிகார்பனேட் பட்டைகளைச் சேர். முகட்டில் சூடான காற்று வெளியேறத் திறப்பு விடு. கைக்குழந்தையோடு காத்திருப்பவருக்கு உன் கூரை நிழல் தரவேண்டும்.

தீயையும் நினை. 2022 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் குவாச்சொன் அருகே, நெடுஞ்சாலையை மூடியிருந்த ஒலித்தடுப்புக் கூண்டுக்குள் ஒரு லாரி தீப்பற்றியது. மேலிருந்த அக்ரிலிக்கில் தீ பரவி ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு அரசு அக்ரிலிக்கை அகற்றிப் பாலிகார்பனேட்டோ கண்ணாடியோ பொருத்த முடிவெடுத்தது. பார்வைக்கு அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே வந்திறங்கும் சரக்குக்குத் தீச்சோதனைச் சான்று கேட்டு வாங்கு. பாலிகார்பனேட்டும் தீயில் உருகிச் சொட்டும். டீக்கடை அடுப்பு அதன் கீழ் வரக்கூடாது.

கடைசியாக, பராமரிப்பு. தின்னரும் அசிட்டோனும் ஷீட்டைக் கெடுக்கும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுது. கழுவ ஏறுபவர் ஷீட்டை மிதிக்காமல் நடக்கப் பாதையும், இடுப்புக் கயிறு மாட்டக் கொக்கியும் இப்போதே வரைபடத்தில் இடம்பெறட்டும். செலவைக் குறைக்க முதலில் இவற்றைத்தான் வெட்டச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்