மென்பொருளுக்கும் ஒரு மீட்டர்

தை மாதத்தில் நாகப்பட்டினம் பக்கத்து வயல்களைப் பார்த்திருப்பீர்கள். சம்பா அறுவடைக்கு வரும் இயந்திரத்திற்கு வாடகை மணிக் கணக்கில். வயல் காய்ந்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சேற்றில் இயந்திரம் திணறினால் அதே வயலுக்குக் கூடுதல் பணம், நட்டம் விவசாயிக்கு. ஏக்கர் கணக்கில் பேசியிருந்தாலோ நட்டம் இயந்திரக்காரருக்கு. எதை அளக்கிறோம் என்பதிலேயே சுமை யார் தலையில் என்பது முடிவாகிவிடுகிறது.

கணிப்பொறிக்கும் இந்த வழக்கு உண்டு. 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் கணிப்பொறிகளைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. இயந்திரத்தில் மணி காட்டும் மீட்டர் இருந்தது. மாதம் 176 மணியைத் (நாளுக்கு 8 மணி வீதம் 22 நாள்) தாண்டினால் கூடுதல் கட்டணம்!

இன்று பல அலுவலகங்கள் பெரிய கணிப்பொறியைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களிலுள்ள தரவு மையங்களில் இடம் பிடிக்கின்றன. இடம் தருபவரை 'வழங்குநர்' என்போம். அவர் ஒரு கணிப்பொறியைப் பல மெய்நிகர் கணிப்பொறிகளாகப் பிரித்துக் கொடுக்கிறார். பிரித்துத் தரும் மென்பொருள் மட்டும் வேறொருவருடையது. அதற்கு உரிமத் தொகை எவ்வளவு?

வி.எம்.வேர் நிறுவனம் பல ஆண்டுகள் வழங்குநர்களிடம் நினைவகத்தை மணிக்கு மணி அளந்து வசூலித்தது. மின்சாரத்துக்குக் கிலோவாட்-மணி, இதற்குக் கிகாபைட்-மணி. தேர்வு முடிவு வெளியிடும் ஓர் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். முடிவு வரும் ஒரு நாள் 64 கிகாபைட் வேண்டும். மற்ற 29 நாளும் 2 போதும்.

64 × 24 = 1536
2 × 696 = 1392

கூட்டினால் 2928 கிகாபைட்-மணி. மாதத்தின் 720 மணியால் வகுத்தால் சராசரி சுமார் 4 கிகாபைட். உச்சம் 64 ஆயினும் கட்டணம் நாலுக்குத்தான். (உண்மைப் பட்டியலில் உச்சவரம்பு, கழிவு எல்லாம் உண்டு, இங்கே விட்டுவிடுவோம்.)

2023 நவம்பரில் பிராட்காம் இந்நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் செயலிகளிலுள்ள 'கோர்'களை எண்ணி, இத்தனை என்று முன்னதாகவே ஒப்புக்கொண்டு பணம் கட்டும் முறை வந்தது. கோர் சும்மா கிடந்தாலும் காசு. சேற்றின் நட்டம் வழங்குநர் பக்கம் சாய்ந்துவிட்டது! செலவு பன்மடங்கு ஏறியதாக ஐரோப்பிய வழங்குநர் சங்கமான 'சிஸ்பே' 2024இல் குரல் எழுப்பியது.

மைக்ரோசாஃப்டின் வழங்குநர் ஒப்பந்தத்தில் சில மென்பொருள்களுக்குத் தலைக் கணக்கும் உண்டு. அந்த மாதம் பயன்படுத்த அனுமதி பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். தொடவே இல்லை என்றாலும் அவர் கணக்கில் சேர்வார். சாப்பிடாத நாளுக்கும் மாணவர் விடுதியில் பணம் பிடிப்பது போலத்தான்.

மேற்கண்ட இணையதளத்தில் நெரிசல் மூன்று நாள் நீடித்தால் சராசரி என்ன? போட்டுப் பாருங்கள். 8.2 வர வேண்டும்.