டையிங்கில் ஓர் 'இ'

கேள்வி: சாயப்பட்டறையைக் குறிக்கும் 'டையிங்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'இ' எழுத்து வருமா, வராதா?
– வாசகர், அவிநாசி

பதில்: கட்டாயம் வரும். விட்டுவிட்டால் சாயமேற்றுதல், சாதலாகிவிடும்.

சாயத்துக்கான 'டை' டி-ஒய்-இ. 'ஐஎன்ஜி' சேர்ந்தாலும் 'இ' நிற்கும். இறப்புக்கான 'டை' டி-ஐ-இ. அங்கே 'ஐஇ' மறைந்து 'ஒய்' ஆகிறது. உச்சரிப்பு ஒன்றே என்பதால்தான் இத்தனை குழப்பம்.

திருப்பூர்ச் செய்திகளில் இரண்டு சொல்லுமே தேவைப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆறு செத்துக்கொண்டிருந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கே ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த வேதனையை எழுதும்போது எழுத்துப்பிழை கூடாது.

துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைப்பிசிறைத் தீயில் பொசுக்கும் 'சிஞ்ஜிங்'கும் இதே வகைதான்: 'இ' விடுபட்டால், அது பாடுவது!