மஸ்ட், மே, ஷுட்: பட்டாசு ஊரிலிருந்து ஓர் ஆங்கிலப் பாடம்



ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஆங்கிலத்தில் இரண்டு விஷயம் நம்மை விடாது. ஒன்று, மோடல் ஆக்ஸிலரி என்ற துணைவினைகள். இன்னொன்று, சுற்றுச்சூழல் பற்றிய பாரகிராஃப். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் படித்தால் என்ன? அதுவும் நம்ம ஊரை வைத்தே படித்தால் சீக்கிரம் மனசில் நிற்கும் இல்லையா? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் நம்ம ஊர்? கைடில் இருக்கிற சுற்றுச்சூழல் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் புகை, பிளாஸ்டிக், மரம் நடுவோம் என்று வரிசையாக வந்து, கடைசியில் "சே நோ டு கிராக்கர்ஸ்" என்று முடியும். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு அது மார்க் வாங்கித் தரும் ஒரு வரி. நமக்கு அது வீட்டு அடுப்பைப் பற்றிய வரி. இந்தியாவில் வெடிக்கிற பட்டாசில் சுமார் 90 சதவீதம் சிவகாசிப் பகுதியில் தயாராவதாகச் சொல்வார்கள். இந்தத் தாளைப் படிக்கிற நம்மில் நிறையப் பேர் வீட்டில் யாராவது பயர் ஆபீசுக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ, அச்சாபீசுக்கோ போகிறவர்கள்தான். எங்கம்மாவும் பயர் ஆபீசுக்குத்தான் போறாங்க. ஆகவே இந்தப் பாரகிராஃபை நாம் எழுதும்போது ஒவ்வொரு வினைச்சொல்லையும் பார்த்துப் போட வேண்டும்.

1. மஸ்ட் நாட் – கூடவே கூடாது

"மஸ்ட்" என்றால் கட்டாயம். ஆனால் "மஸ்ட் நாட்" என்றால் கட்டாயம் இல்லை என்று பொருள் அல்ல. கூடாது, தடை என்று பொருள். கட்டாயம் இல்லை என்று சொல்ல "நீட் நாட்" போட வேண்டும். பரீட்சையில் பலர் கோட்டை விடும் இடம் இது.

இப்போது நம்ம ஊர் உதாரணம். 2015ஆம் ஆண்டு டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார்கள். டெல்லிக் காற்றில் எங்கள் நுரையீரல் கெட்டுப்போகிறது, பட்டாசைத் தடை செய்யுங்கள் என்பது அந்த வழக்கு. 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் எடை போட்டது. ஒரு தட்டில் மக்களின் உயிர் வாழும் உரிமை, அதாவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு. மறு தட்டில் தொழில் செய்யும் உரிமை, அதாவது 19ஆவது பிரிவு.

பட்டாசை முழுசாகத் தடை செய்யவில்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள். "கிராக்கர்ஸ் ஆர் பேண்ட்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் அது இலக்கணப்படி சரி, செய்திப்படி தப்பு. தடை செய்தது என்னென்ன? பேரியம் உப்பு சேர்த்த பட்டாசு, சரவெடி, இணையத்தில் பட்டாசு விற்பது. இவைதான் "மஸ்ட் நாட்". 2021 அக்டோபரிலும் 2023 செப்டம்பரிலும் பேரியம் தடையை நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

பேரியத்தை மட்டும் ஏன்? அறிவியல் ஆசிரியர் சொல்லித் தந்த கரைதிறன் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையாது. அதனால்தான் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் ஆஸ்பத்திரியில் அதைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். உடம்பில் கலக்காமல் வெளியே வந்துவிடும். ஆனால் பட்டாசில் போட்ட பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும். கரைகிற பேரியம் உடம்புக்குள் போனால் நஞ்சு. தசையையும் இதயத்தையும் பாதிக்கும். மத்தாப்பில் பச்சை நிறம் வருவது பேரியத்தால். சிவப்பு வருவது ஸ்ட்ரான்ஷியத்தால். மஞ்சள் சோடியம், நீலம் தாமிரம்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கம்மா வேலை முடிந்து வரும்போது கைரேகைக்குள்ளே அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்னும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் சுத்தமாகப் போகாது. கந்தக வாசம் சேலையில் இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பட்டாசு வெடித்துப் புகை டெல்லிக் குழந்தையின் மூக்குக்குப் போவதற்கு ரொம்ப நாள் முந்தியே, அந்த மருந்து முதலில் தொடுவது நம்ம அம்மா அப்பா கையைத்தான். அப்படியென்றால் சுற்றுச்சூழல் என்பது மரமும் ஆறும் மட்டுமா? மருந்து அறைக்குள் இருக்கிற காற்றும் சுற்றுச்சூழல்தானே? நஞ்சான உப்பை "மஸ்ட் நாட்" என்று சொல்லும்போது அது நம்ம வீட்டு ஆட்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

இன்னொரு "மஸ்ட் நாட்" நேராக நமக்கே உள்ளது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். அதன்படி 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது. வெடிபொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனக்கு இப்போது 14 வயது. "பதினாலு ஆயிருச்சுல்ல, இனிமே போகலாம்" என்று யாராவது நம்மிடம் சொன்னால், பட்டாசு வேலைக்கு அது பொருந்தாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். உதவி வேண்டுமானால் 1098க்குப் போன் செய்யலாம். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் சில பெஞ்சில் இடம் காலியாவது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் காலியாகக் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா? சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியவர் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. 1996 டிசம்பர் 10 அன்று அந்தத் தீர்ப்பு வந்தது. குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தக் குழந்தையின் நலனுக்கு என்றது நீதிமன்றம். பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வழக்குப் போட்டு 1991இல் தீர்ப்பு வாங்கியவரும் அதே மேத்தாதான். பெஞ்சில் நம்மை உட்கார வைக்கப் போராடியவரும், நாம் படிக்கிற சுற்றுச்சூழல் பாடத்துக்காகப் போராடியவரும் ஒருவரே!

2. மே – செய்யலாம்

"மே" என்றால் அனுமதி. மஸ்ட் நாட் கதவைச் சாத்தும். மே கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கும்.

அதே 2018 தீர்ப்பில் பசுமைப் பட்டாசு வெடிக்கலாம் என்றார்கள். தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை என்று நேரமும் சொன்னார்கள். நம் மாநிலத்தில் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெடிக்கிறதுதானே வழக்கம்? அதனால் தமிழ்நாடு அரசு அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது.

பசுமைப் பட்டாசு என்றால் என்ன? நாக்பூரில் நீரி என்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். அவர்கள் கண்டுபிடித்த மருந்துக் கலவையில் செய்வது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகை. அலுமினியத்தைக் குறைத்து, தூசி கிளம்பாமல் அடக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். வழக்கமான பட்டாசைவிடக் காற்றில் கலக்கும் நுண்தூசு சுமார் 30 சதவீதம் குறையும். பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கும். மீதி 70 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பசுமை என்றால் புகையே இல்லை என்று அர்த்தம் இல்லை.

மஸ்ட் நாட் ஒருநாள் மே ஆக மாறலாம். டெல்லிப் பகுதியில் முழுத்தடை இருந்தது. 2025 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளியை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் பசுமைப் பட்டாசு விற்கவும், குறித்த நேரத்தில் வெடிக்கவும் அனுமதி கொடுத்தது. ஒரு துணைவினை மாறினால் நம்ம ஊரில் எத்தனை வீட்டுக்கு வேலை கூடும், குறையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018 நவம்பரிலிருந்து சில மாதம் பட்டாசு ஆலைகள் மூடிக் கிடந்தன. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பயர் ஆபீஸ் பஸ் தெருவுக்கு வராத அந்த நாட்களில் எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போனாங்க. கடையில் நோட்டுப் போட்டுக் கடன் வாங்கினோம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

3. ஷுட் – செய்தால் நல்லது

"ஷுட்" என்பது அறிவுரை. போலீஸ் வராது, கோர்ட் வராது. நாமாக நினைத்துச் செய்வது.

இதற்கு அழகான உதாரணம் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர். கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்து போய்விடக் கூடாது என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அவர்களாகவே எடுத்த முடிவு. வனத்துறையினர் இனிப்புக் கொடுத்து அவர்களைப் பாராட்டுவார்கள்.

நம் வயசுப் பிள்ளைகளுக்கு நான்கு "ஷுட்" எழுதுகிறேன்.

ஒன்று: வெடிக்காத பட்டாசைப் பொறுக்கி, மருந்தைக் கொட்டிச் சேர்த்துத் தீ வைக்கக் கூடாது. ரீல்ஸ் எடுக்க என்று கையில் பிடித்து வெடிப்பதும் அப்படித்தான். மருந்துக்கு யார் பிள்ளை என்று தெரியாது.

இரண்டு: தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் பட்டாசுக் குப்பையைக் கூட்டிக் கொளுத்தாமல், தண்ணீர் ஊற்றி நனைத்துத் தனியாக அள்ளிக் கொடுக்க வேண்டும். உள்ளே வெடிக்காதது கிடக்கும்.

மூன்று: எங்காவது வெடிச்சத்தம் கேட்டுப் புகை எழுந்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு பார்க்க ஓடக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் போனவர்களும் உண்டு. அன்று ஆசிரியர் தினம். நாம் அப்போது கைக்குழந்தைகள். ஓடுவதற்குப் பதில் 101க்கும் 108க்கும் போன் செய்வது மேல்.

நான்கு: பட்டாசை மட்டும் குறை சொல்லிவிட்டு நம் பையைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. எழுதித் தூக்கிப்போடும் பேனா, சிப்ஸ் கவர், பிறந்தநாளுக்கு மினுமினுப்புத் தாள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. மஞ்சப்பை எடுத்துப் போக யாருக்கும் வெட்கம் வேண்டாம்.

4. ஆல்தோ – இருந்தாலும்

இது துணைவினை அல்ல, இணைப்புச் சொல். ஆனால் நம்ம ஊர்க் கட்டுரைக்கு ரொம்பத் தேவை. ஒரு வாக்கியத்தில் ஆல்தோ போட்டால் நடுவில் "பட்" போடக் கூடாது. தமிழில் "இருந்தாலும், ஆனா" என்று பேசிப் பழகியதால் நமக்கு இரண்டும் வந்துவிடும்.

ஆல்தோ இரண்டு உண்மையை ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்கும். "ஆல்தோ கிராக்கர்ஸ் கிவ் அஸ் ஃபுட், தே பொல்யூட் தி ஏர்." பட்டாசு நமக்குச் சோறு போட்டாலும் காற்றைக் கெடுக்கிறது. இதையே திருப்பியும் போடலாம். "ஆல்தோ கிராக்கர்ஸ் பொல்யூட் தி ஏர், தே கிவ் அஸ் ஃபுட்." காற்றைக் கெடுத்தாலும் சோறு போடுகிறது. இரண்டும் சரியான வாக்கியம். முதல் வாக்கியத்தை மட்டும் டெல்லியில் இருப்பவர் எழுதலாம். இரண்டாவதை மட்டும் சிவகாசியில் இருப்பவர் எழுதலாம். நாம் இரண்டையும் எழுதத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஏனென்றால் சோறும் நமக்குத்தான், அந்தக் காற்றும் நமக்குத்தான்.

அதனால் அடுத்த தடவை பாரகிராஃப் எழுதச் சொன்னால் "சே நோ" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எது கூடாது, எது செய்யலாம், எது செய்தால் நல்லது என்று பிரித்து எழுதுங்கள். நஞ்சில்லாத மருந்து வேண்டும், பாதுகாப்பான அறை வேண்டும், வருஷம் முழுக்க வேலை வேண்டும் என்று எழுதுங்கள். வேலை செய்கிறவரின் மூச்சையும் வெடிக்கிறவரின் மூச்சையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுமையான சுற்றுச்சூழல் கட்டுரை.

பயிற்சி: மஸ்ட் நாட், மே, ஷுட், ஆல்தோ – பொருத்தமானதைப் போடுக

அ) பதினைந்து வயதுப் பையன் பயர் ஆபீசில் வேலை செய்ய ......

ஆ) தீபாவளி காலை ஆறரை மணிக்குப் பசுமைப் பட்டாசு வெடிக்க ......

இ) மருத்துவமனை, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் வெடி போட ......

ஈ) கடைக்குப் போகும்போது மஞ்சப்பை எடுத்துப் போக ......

உ) ...... மழை குறைந்த ஊராக இருந்தாலும், அந்தக் காய்ந்த வெயில்தான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வளரக் காரணம்.

விடைகளை வெள்ளைத் தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். உங்கள் அம்மா அப்பாவைக் கேட்டு, வேலை செய்யும் இடத்தில் ஒரு "ஷுட்" சேர்த்தால் எது சேர்ப்பார்கள் என்று ஒரு வரியும் எழுதித் தாருங்கள். அடுத்த தாளில் அவற்றைத் தொகுத்து எழுதுகிறேன்.



– 9ஆம் வகுப்பு மாணவி