செயலியின் மேல் அமரும் செம்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கணினிச் செயலியின் வெப்பத்தை நீரின் வழியே வெளியேற்றும் அமைப்பில், செயலியோடு நேரடியாகத் தொடர்புகொள்ளும் உறுப்பு ‘வாட்டர் பிளாக்’ எனப்படும் செம்புப் பாளமாகும். இதன் அடித்தட்டின் உட்புறத்தில் மெல்லிய செதில்கள் நெருக்கமாக நிற்கும். அவற்றுக்கிடையே உள்ள, ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த இடுக்குகளில் பம்பு செலுத்தும் நீர் பாய்ந்து, வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு சேர்க்கும். நுண்கால்வாய்களில் நீரை ஓட்டும் இந்தச் சிந்தனையை வலுவாக நிறுவிய ஆய்வு 1981-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மேன், பீஸ் ஆகியோர் செய்ததாகும். சிலிக்கான் சில்லிலேயே ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கால்வாய்களைச் செதுக்கிய அவர்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை வெளியேற்றினர். அந்நிலையிலும் சில்லின் வெப்பநிலை உள்ளே வந்த நீரைவிட 71 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயர்ந்தது.

அந்த ஆய்வுக்கும் இன்றைய மேசைக் கணினிக்கும் உள்ள பெரிய வேறுபாடு பலர் கவனத்துக்கு வருவதில்லை. அங்கே கால்வாய்கள் சில்லின் உடலிலேயே இருந்தன. இங்கே செம்புப் பாளம் தனிப் பொருளாக இருந்து, செயலியின் மூடியின்மேல் திருகுகளால் அழுத்தப்படுகிறது. இரண்டு உலோகங்களும் சந்திக்கும் அந்த மெல்லிய இடைவெளியே பெரும்பாலான தவறான நம்பிக்கைகளுக்குப் பிறப்பிடம். பாளங்களை ஒப்பிடும் சோதனைகளில் பல பிழைபடுவதற்கும் அதுவே காரணம்.

“பசை அதிகமானால் குளிர்ச்சி அதிகம்”

தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பப் பசை வெப்பத்தை நன்றாகக் கடத்தும் பொருள் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது மோசமான கடத்தி. காற்றைவிட மட்டுமே மேலானது. ஒரு பொருள் வெப்பத்தைக் கடத்தும் வல்லமையைக் குறிக்கும் கடத்துதிறன், மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என அளக்கப்படுகிறது. அந்த அலகில் செம்பு ஏறத்தாழ 400, நல்ல பசை 5 முதல் 10 வரை, காற்று 0.026 என நிற்கின்றன. கடத்துதிறன் 5 உடைய பசை 50 மைக்ரோமீட்டர் தடிமனில் நின்றால், அது வெப்பத்துக்கு இடும் தடை 4 மில்லிமீட்டர் செம்பு இடும் தடைக்குச் சமம். அதே இடத்தில் பசையின்றிக் காற்று நின்றால், முக்கால் மீட்டர் நீளச் செம்புக்கு ஈடான தடை உருவாகும். பசையின் வேலை காற்றை வெளியேற்றுவது மட்டுமே. அந்த வேலை முடிந்தபின் மிஞ்சும் ஒவ்வொரு மைக்ரோமீட்டரும் சுமைதான்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். செயலி 200 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்றும், அந்த வெப்பம் பெரும்பாலும் 4 சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே மேலேறுகிறது என்றும் கொண்டால், 50 மைக்ரோமீட்டர் பசைப்படலத்தின் இருபுறமும் 5 டிகிரி வேறுபாடு எழும். அழுத்தம் குறைந்தோ பசை மிகுந்தோ படலம் 100 மைக்ரோமீட்டர் ஆனால் அது 10 டிகிரியாகும். சந்தையில் போட்டியிடும் இரண்டு நல்ல பாளங்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதனினும் மிகச் சிறியது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு: பாளத்தின் அடியைக் கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்த்துவிட்டால் பசையே தேவையில்லை என்பது அது. பளபளப்பு என்பது நுண்ணிய கீறல்கள் இல்லாமை; சமதளம் என்பது முழுப் பரப்பும் ஒரே மட்டத்தில் இருத்தல். ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்பதில்லை. முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் ஒரு தட்டு நடுவில் 30 மைக்ரோமீட்டர் குழிந்திருக்கக்கூடும். அந்தக் குழிவு எந்தக் கீறலையும்விடக் கேடானது. செயலி மூடியின் இயல்பான வளைவை முன்கூட்டியே கணக்கிட்டு, அடித்தட்டை நடுவில் சற்றே புடைக்கச் செய்யும் தயாரிப்பாளர்களும் உள்ளனர். அத்தகைய பாளத்தைக் ‘குறை’ என்று எண்ணித் தேய்த்துச் சமமாக்குபவர், அதன் வடிவமைப்பையே அழித்துவிடுகிறார்.

பசைக்கு மாற்றாகப் பூசப்படும், காலியம் கலந்த திரவ உலோகம் பசையைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்துவது உண்மை. ஆனால் காலியம் அலுமினியத்தின் உட்கட்டமைப்பில் ஊடுருவி அதை நொறுங்கச் செய்யும். மேலும் அது மின்சாரத்தையும் கடத்தும். ஆகவே அடித்தட்டு எந்த உலோகம் என்று உறுதிசெய்யாமல் அதைப் பயன்படுத்துவது அபாயகரமானது.

“எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது”

அழுத்தம் கூடக்கூடப் பசைப்படலம் மெலிகிறது என்பது ஓர் எல்லைவரை சரி. பசையில் கலந்துள்ள திடத்துகள்கள் ஒன்றையொன்று தொடும் நிலை வந்தபின், கூடுதல் அழுத்தம் படலத்தைச் சிறிதளவே குறைக்கும். அதற்குமேல் அழுத்தம் வேறு உறுப்புகளைத்தான் தாக்கும். 2000-களின் தொடக்கத்தில் வந்த அத்லான் வகைச் செயலிகளில் சிலிக்கான் சில்லு மூடியின்றி வெளியே தெரிந்தது. குளிர்விப்பானைச் சாய்வாக இறக்கி ஒரு புறம் மட்டும் அழுத்தியதால் சில்லின் மூலைகள் உடைந்த செயலிகள் அக்காலத்தில் ஏராளம். இன்றைய செயலிகளில் பெரும்பாலானவற்றின்மேல் செம்பு மூடி இருப்பதால் அந்த அபாயம் குறைந்துள்ளது. ஆயினும் 2021 நவம்பரில் வெளிவந்த இன்டெலின் எல்ஜிஏ 1700 பொருத்துவாயில், நீள்சதுரச் செயலியைப் பிடிக்கும் இரும்புச் சட்டம் நீளப் பக்கங்களின் நடுவில் மட்டும் அழுத்துவதால், மூடி நடுவில் லேசாகக் குழிவது கண்டறியப்பட்டது. பாளத்தை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழி நிரம்பாது. விளிம்புகள் முழுவதையும் சீராகப் பிடிக்கும் மாற்றுச் சட்டங்கள் சந்தைக்கு வந்ததன் காரணம் இதுவே.

திருகுகளை முடுக்கும் முறை இங்கே மிகவும் முக்கியம். ஒரு திருகை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றால், பாளம் முதல் மூலையில் படிந்து எதிர்மூலையில் தூக்கி நிற்கும். பசை ஆப்பு வடிவில், ஒரு புறம் மெல்லியதாகவும் மறுபுறம் தடித்தும் பரவிவிடும். பின்னர் மற்ற திருகுகளை முடுக்கினாலும் அந்தச் சாய்வு முற்றிலும் மறைவதில்லை. நான்கு திருகுகளையும் முதலில் கையால் பிடிக்கவைத்து, பிறகு குறுக்கு மூலைகளாக ஒவ்வொன்றையும் ஒரு சுற்று, இரண்டு சுற்று என முடுக்கிச் செல்வதே சரி. திருகுகளின் மேலுள்ள ஸ்பிரிங்குகள் அலங்காரம் அல்ல. திருகு அதன் தடுப்பை எட்டும்வரை முடுக்கினால், வடிவமைப்பாளர் எண்ணிய அழுத்தத்தை நான்கு மூலைகளுக்கும் சமமாகத் தருவது அவைதான்.

“நீர் மெதுவாக ஓடினால்தான் வெப்பத்தை உறிஞ்ச நேரம் கிடைக்கும்”

இது மிகவும் பரவலான நம்பிக்கை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுவதால் இதை அகற்றுவதும் கடினம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,186 ஜூல் வெப்பம் வேண்டும். செயலி 200 வாட் தரும்போது நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடினால், அந்த நீர் பாளத்தைக் கடக்கையில் 2.9 டிகிரி சூடாகும். 4 லிட்டர் ஓடினால் 0.7 டிகிரிதான் சூடாகும். மெதுவாக ஓடிய நீர் கூடுதலாகச் சூடானதைக் கண்டவர், அது கூடுதல் வெப்பத்தைச் சுமந்ததாக முடிவு செய்கிறார். இரு நிலையிலும் வெளியேறிய வெப்பம் அதே 200 வாட்தான். வேறுபடுவது செதில்களை ஒட்டி நிற்கும் நீர்ப்படலம்: ஓட்டம் வேகமானால் அப்படலம் மெலிந்து, செம்பிலிருந்து நீருக்கு வெப்பம் எளிதாகக் கடக்கும், எனவே செயலியின் வெப்பநிலை குறையுமே தவிரக் கூடாது. நீர் ஒரே சுற்றில் மீண்டும் மீண்டும் திரும்பி வருவதால் ‘நேரம் போதவில்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் வேகத்தால் வரும் ஆதாயம் விரைவில் தேய்ந்துவிடும். பெரிய பம்பு தன் மின்சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக நீரிலேயே சேர்ப்பதால், ஓர் அளவுக்குமேல் வேகம் கூட்டுவது வீண்.

நீர் சில்லென்று இருக்கவேண்டும் என்பதும் பிழையே. சூரிச்சில் உள்ள ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் 2010-இல் நிறுவப்பட்ட ‘அக்வாசார்’ என்னும் ஐபிஎம் கணினியில், 60 டிகிரி வரை சூடான நீரே பாளங்களுக்குள் செலுத்தப்பட்டது. செயலிகளின் உச்சவரம்பு 85 டிகிரி. இடையிலிருந்த 25 டிகிரி வேறுபாடே வெப்பத்தை வெளியேற்றப் போதுமானதாயிற்று. வெளியேறிய சூடான நீர் கட்டடத்தைச் சூடாக்கவும் பயன்பட்டது. முதன்மையானது நீரின் குளிர்ச்சி அன்று. செயலிக்கும் நீருக்கும் இடைப்பட்ட தடை சிறிதாக இருத்தலே.

“திரையில் தெரியும் எண்ணே சோதனை முடிவு”

ஒரு பாளத்தைச் சோதிப்பது என்றால் அதன் வெப்பத்தடையை அளப்பது என்று பொருள். அதாவது, ஒரு வாட் வெப்பம் கடக்கும்போது செயலிக்கும் நீருக்கும் இடையே எத்தனை டிகிரி வேறுபாடு எழுகிறது என்று காண்பது. அறையின் காற்றோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் வேறுபாட்டில் ரேடியேட்டர், விசிறிகள் ஆகியவற்றின் திறமையும் கலந்துவிடுவதால், அது பாளத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. பாளத்துக்குள் நுழையும் நீரின் வெப்பநிலையை அளந்தே தீரவேண்டும். அதுவும் நீரின் சூடு ஏறுவது நின்றபின் அளக்கவேண்டும். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம்.

செயலியின் சென்சார் தரும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. இன்டெல் செயலிகளின் சென்சார்கள், உச்சவரம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையே ஒரு டிகிரிப் படிகளில் சொல்கின்றன. உச்சத்தின் அருகில் நம்பகமாகவும், வேலையின்றிச் செயலி குளிர்ந்திருக்கையில் குறைந்த துல்லியத்தோடும் இயங்குகின்றன. 2017-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ், விசிறிக் கட்டுப்பாட்டுக்காக, உண்மையான வெப்பநிலையைவிட 20 டிகிரி கூட்டியே தெரிவித்தது. இதை அறியாமல் பாளத்தையும் பசையையும் குறை கூறியவர்கள் பலர். ரைசன் 7000 வரிசையின் உயர்திறன் செயலிகள் 95 டிகிரியை எட்டும்வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வகையில் அமைந்தவை. அவற்றில் நல்ல பாளத்தைப் பொருத்தினாலும் முழுச்சுமையில் எண் 95-லேயே நிற்கக்கூடும். முன்னேற்றம் வேகத்திலும் மின்நுகர்விலும் தெரியும். திரையை மட்டும் பார்ப்பவருக்கு நல்லதும் சுமாரானதும் ஒன்றாகவே தோன்றும்.

இக்காரணங்களால் தீவிரமாகச் சோதிப்பவர்கள் செயலியைத் தவிர்த்து, சூடேற்றி பதித்த செம்புத் தண்டு ஒன்றின் தலைப்பகுதியைச் செயலிக்குப் பதிலாக வைக்கின்றனர். இது தீர்வு போலத் தோன்றினாலும் புதிய இடர்களைக் கொண்டுவரும். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டில் 100 வாட் ஏறும்போது, ஒவ்வொரு மில்லிமீட்டர் உயரத்துக்கும் 2.5 டிகிரி வேறுபடும்; சென்சார் செருகும் துளை அரை மில்லிமீட்டர் தள்ளி அமைந்தாலே 1.25 டிகிரிப் பிழை சேரும். நீர் எடுத்துச் செல்லும் வெப்பத்தை அளந்து சரிபார்க்க முனைந்தாலும் இதே இடர்தான்: மேலே சொன்ன 0.7 டிகிரி வேறுபாட்டை அளக்கும் இரு சென்சார்களும் எதிரெதிர்த் திசையில் தலா 0.2 டிகிரி பிறழ்ந்தால், முடிவு பாதிக்கும்மேல் பிழைபடும். பரவலாகப் புழங்கும் கே-வகை வெப்பமின் இரட்டைக்கு 2.2 டிகிரி வரை பிழை இருப்பதையே தரநிலை ஏற்கிறது. இரண்டு சென்சார்களையும் ஒரே பாத்திரத்து நீரில் இட்டு, அவற்றிடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துவைத்துப் பின்னர் கழிப்பதே இதற்கு எளிய மாற்று.

எல்லாவற்றிலும் பெரிய குறை, ஒரே முறை பொருத்தி அளந்து தீர்ப்புச் சொல்வது. ஒரே பாளத்தை, ஒரே பசையுடன், ஒரே கை மீண்டும் பொருத்தினாலும் ஓரிரு டிகிரி மாறுவது இயல்பு. பசைப்படலம் ஒவ்வொரு முறையும் ஒரே தடிமனில் படிவதில்லை. எனவே கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரு பரப்புகளையும் துடைத்து, மறுபடி பூசி, மறுபடி பொருத்திப் பலமுறை அளக்கவேண்டும். சராசரியோடு, அளவுகள் எவ்வளவு சிதறின என்பதையும் வெளியிடவேண்டும். சிதறலைச் சொல்லாமல் ‘அரை டிகிரி மேலானது’ என்று அறிவிக்கும் ஒப்பீடு வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது. கழற்றும்போது பசை விட்டுச்சென்ற தடத்தைப் பார்ப்பதும் ஒரு சோதனையே: நடுவில் செம்பு தெரியுமளவு மெலிந்த, நான்கு புறமும் ஒத்த தடம் நல்ல பொருத்தத்தைக் காட்டும், ஒரு விளிம்பில் தடித்த பசை சாய்வைக் காட்டிக்கொடுக்கும்.

“தூய நீர் மின்சாரம் கடத்தாது, ஆகவே கசிந்தாலும் கவலையில்லை”

மிகத் தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும் என்பது சரி. ஆனால் செம்பு, நிக்கல் பூச்சு, குழாய், காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவற்றைத் தொட்டவுடனே நீரில் அயனிகள் சேரத் தொடங்கும். மதர்போர்டின்மேல் சிந்தினால் அங்குள்ள தூசியும் உப்பும் உடனே கரையும். செம்புப் பாளத்துடன் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்திருந்தால், நீரின் வழியே இரு உலோகங்களும் மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். அயனிகள் மேலும் பெருகும், அரிப்பின் துகள்கள் பாளத்தின் இடுக்குகளையும் அடைக்கும்.

ஆகவே நீர் ஊற்றுமுன் காற்றைச் செலுத்திக் கசிவைச் சோதிப்பது நல்ல வழக்கம். அதிலும் ஒரு தவறான புரிதல் உண்டு: அழுத்தமானியின் முள் சற்று இறங்கினாலே கசிவு என்று பலர் அஞ்சுகின்றனர். மூடிய இடத்திலுள்ள காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு மாறும். வெளிக்காற்றைவிட அரை பார் கூடுதலாக நிரப்பிய அமைப்பில் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தாலே ஏறத்தாழ 5 மில்லிபார் இறங்கிவிடும். கைப்பம்பால் அடைத்த காற்று முதலில் சற்றுச் சூடாக இருப்பதால், சில நிமிடங்கள் ஆறவிட்ட பிறகே முதல் அளவைக் குறிக்கவேண்டும். அறையின் வெப்பநிலையையும் அதனருகே எழுதிக்கொள்ளவேண்டும். வெப்பநிலை மாறாதிருக்க முள் தொடர்ந்து இறங்கினால் மட்டுமே இணைப்புகளைக் கழற்றி ரப்பர் வளையங்களைப் பார்க்கவேண்டும். இச்சோதனையில் தேறிய அமைப்பிலும், கணினியின் மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வோர் இணைப்பின் கீழும் மெல்லிய காகிதத்தை விரித்து, சில மணி நேரம் நீரை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே செயலிக்கு மின்சாரம் கொடுக்கவேண்டும்.